முந்திக் கேட்கிற நெஞ்சு

கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி, வெயிலுக்குக் காட்டி, அது வெள்ளையாக மனசு மாறுகிற வரைக்கும் பொறுத்திருந்து பிழைக்கிற ஊர் எங்களுடையது. அந்த ஊரில் உப்பள வேலை பார்க்கிற பலவேசத்துக்கும் அவன் பெண்சாதி சந்தனமாரிக்கும் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பெண்பிள்ளை பிறந்தது, பிறந்த அந்த வாரத்திலேயே, எந்தச் சத்தமும் கிளம்புவதற்கு முன்னாலேயே அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்குக் கேட்டுவிடுகிறது என்று தெரியவந்தது.

தெரியவந்த விதம் இப்படி. அந்த வருஷம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஹெப்சிபா என்று ஒரு டாக்டரம்மா வந்திருந்தார், ஒல்லியான உடம்பு, எதையாவது யோசித்தால் கோழி மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வார், பிறந்த பிள்ளைகளுக்குக் காது கேட்கிறதா என்று அந்தப் பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் அவருக்கு வேலை. பிள்ளையைத் துணியில் சுற்றிக் கிடத்தி, நெஞ்சில் பொட்டு மாதிரி வில்லைகளை ஒட்டி, ஒயரை ஒரு பெட்டியில் சொருகி, காதோரம் குட்டி ஸ்பீக்கரை வைத்து, முதலில் கிலுகிலுப்பை, அப்புறம் மணி, அப்புறம் ஒரு பொம்பளை பேசுகிற பேச்சு என்று ஒவ்வொன்றாகப் போடுவார், பெட்டியின் கண்ணாடியில் பிள்ளையின் நெஞ்சடி பச்சைக் கோடாக ஓடும். பயந்தால் நெஞ்சு ஓட்டமெடுக்கும், பிடித்துப்போய் உற்றுக் கேட்டால் நெஞ்சு நடையைத் தளர்த்தும், சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ நம் பேச்சை எடுக்கிறார்கள் என்றால் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறோமே அது மாதிரி என்று டாக்டரம்மா தாய்மாருக்கு விளக்கிச் சொன்னார். ஐஸ் கம்பெனிக்காரர் பேரன் மணிச்சத்தத்துக்குக் குதிரையாக ஓடினான், மீன்காரி மகள் பேச்சுச்சத்தத்துக்கு நெஞ்சைத் தளர்த்திக் கிடந்தாள், உன் பிள்ளை எதுக்கு ஓடிச்சு என் பிள்ளை எதுக்கு நின்னுச்சு என்று வார்டு முழுக்க அதே பெருமைப் பேச்சாகக் கிடந்தது.

சந்தனமாரியின் பிள்ளைக்குப் போட்டபோது கோடு அசையவில்லை. கிலுகிலுப்பைக்கு அசையவில்லை, மணிக்கு அசையவில்லை, பொம்பளைப் பேச்சுக்கும் அசையவில்லை. சத்தம் போட்ட பிறகு கோட்டைப் பார்க்கவேண்டும் என்பதுதான் அந்தப் படிப்பில் சொல்லிக்கொடுத்த முறை, சத்தம் போடுவதற்கு முந்தி பார் என்று எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதனால் டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்து பலவேசத்தைக் கூப்பிட்டு, காது கேட்கவில்லை என்றுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டார். பலவேசம் சரிங்கம்மா என்றான். ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு, ஒரு ஆயுசுக்கு அழவேண்டிய அழுகையை ஒரே மூச்சில் அழுது முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டான்.

மறுநாள் டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். பட்டனை அமுக்கப் போகிற விரல் பட்டனைத் தொடுவதற்கு ஒரு மூச்சு முந்தியே பச்சைக் கோடு துள்ளியது. ஒயர் ஆடுகிறது போல என்று ஒயரை மாற்றினார், அப்போதும் துள்ளியது. பிள்ளை என் கையைப் பார்க்கிறது போல என்று நடுவில் சேலையைக் கட்டி மறைத்தார், அப்போதும் துள்ளியது. நர்சம்மாவைப் பக்கத்து அறைக்கு அனுப்பி, உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது மணியை ஆட்டு, எனக்குச் சொல்லாதே என்றார். அந்தம்மா தலைமுடியை அவிழ்த்துக் கட்டி, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்து, ஒரு வாழைப்பழம் தின்று, பிறகு மணியை ஆட்டினாள். அதற்கும் ஒரு மூச்சு முந்தியே கோடு துள்ளி முடித்திருந்தது. டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் பிள்ளையையே பார்த்தார், அப்புறம் சிரித்துக்கொண்டே ஒரு டீ சொல்லிவிட்டு, “சந்தனமாரி, உன் பிள்ளைக்குக் கேக்குது. என்ன, நமக்கெல்லாம் முந்திக் கேக்குது” என்றார்.

“எப்படியோ கேட்டாச் சரிதான்” என்று சந்தனமாரி பிள்ளையை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள்.

பலவேசம்தான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவனுக்கு ஒரு தம்பி இருந்தான், காது கேட்காதவன். அவர்கள் அப்பா, எப்படியாவது கேட்டுவிடாதா என்கிற ஆசையில், அந்தப் பையன் காதில் வாயை வைத்துக் கத்திக் கத்திப் பேர் சொல்லுவார், கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார், கடைசியில் பையன் அப்பாவைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்குகிறவனாக ஆகிப்போனான். அந்தத் தம்பி கண்ணில் இருந்த பயத்தைப் பலவேசம் பார்த்து வளர்ந்தவன். கேட்காத காதில் கத்துவது அடிக்கிறதற்குச் சமம், என் பிள்ளையை நான் அப்படிச் செய்யமாட்டேன் என்று தொட்டிக்குப் பின்னால் நின்றபோதே முடிவு பண்ணிவிட்டான். டாக்டரம்மா வந்து சொன்னதை, பெற்றவன் மனசு நோகக்கூடாதே என்று படித்தவர்கள் சொல்லுகிற ஆறுதல் என்று எடுத்துக்கொண்டான். பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பான், குளிப்பாட்டுவான், தோளில் போட்டுக்கொண்டு அளம் பூராவும் நடப்பான், ஒரு வார்த்தை மட்டும் பேசமாட்டான்.

அதில்தான் சிக்கல் வந்தது. எங்கள் உப்பளக்காரர்களில் பேர் வைக்கிறது அப்பனுடைய உரிமை. காதோடு காதாக, பக்கத்தில் நிற்கிற காற்றுக்கும் கேட்காதபடி, மூன்று தடவை அவன் சொல்லவேண்டும், சொன்ன பிறகுதான் மற்றவர்கள் அந்தப் பேரைத் தெரிந்துகொண்டு கூப்பிடலாம். தாய் சொன்னாலும் ஒட்டாது, மாமன் சொன்னாலும் ஒட்டாது. பலவேசம் வாயைத் திறக்காததால் பிள்ளை பாப்பா என்றே கிடந்தாள், பல் முளைத்தும் பாப்பா, தவழ்ந்தும் பாப்பா.

பேர் இல்லாவிட்டாலும் பாப்பாவுக்கு ஊரில் வேலை வந்து சேர்ந்தது. வளர வளர அவள் முந்திக் கேட்பதும் நீண்டுகொண்டே போனது. பஸ் ஹாரன் அடிப்பதற்கு ஒரு உலை கொதிக்கும் நேரம் முந்தி அவள் நெஞ்சு துள்ளும், இன்னும் வளர்ந்ததும் இடி இடிப்பதற்கு ஒரு பகல் முந்தி நெஞ்சு ஓட்டமெடுக்கும். உப்பளத்துக்கு மழையைவிடப் பெரிய எதிரி கிடையாது, விளைந்த உப்பை வாரிக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடுவதற்கு முன்னால் ஒரு மழை பெய்தால் ஒரு மாசத்து வெயில் கரைந்து கடலுக்கே திரும்பிப் போய்விடும். அதனால் காலையில் வேலைக்குப் போகிற பெண்கள் சந்தனமாரி வாசலில் நின்று, பிள்ளை நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஓடுகிறது என்றால் அன்றைக்கே வாரிவிடுவது, சாதாரணமாக நடக்கிறது என்றால் இன்னும் ஒரு நாள் காயவிடுவது. ரேடியோவில் மழை சொல்லுகிறவரை அதற்கப்புறம் யாரும் மதிக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் டாக்டரம்மா பஸ் ஏறி வந்து, சந்தனமாரி கொடுக்கிற நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளையோடு உட்கார்ந்துவிடுவார். அவர்தான் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார். நமக்குப் பெரிய சத்தம் தூரத்தில் இருந்தும் கேட்கும், சின்னச் சத்தம் கிட்டத்தில் வந்தால்தான் கேட்கும், இந்தப் பிள்ளைக்குத் தூரம் என்பது நாள்கணக்கு, அதுவும் தலைகீழ். வேட்டும் இடியும் கிட்டத்தில் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது, மெல்லிய சத்தம்தான் வெகுதூரத்தில் இருந்தே, வாரக்கணக்கில் மாசக்கணக்கில் முந்திக் கேட்கிறது. சந்தனமாரி இன்றைக்குப் பாடுகிற தாலாட்டுக்கு அவள் போன மாசமே நெஞ்சைத் தளர்த்திக் கேட்டு முடித்திருந்தாள்.

இதைக் கேட்டதில் இருந்து ஊருக்கு ஒரு புதுக்கவலை. பிள்ளை நெஞ்சு துள்ளிய பிறகு, அதற்குண்டான சத்தம் வராமல் நாள் கடந்தால், அது யாரோ போடவேண்டிய சத்தம், போட மறந்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. பிள்ளைக்குச் சத்தம் பாக்கி வைக்கலாமா என்று ஆளாளுக்குப் பயந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் காரணமே இல்லாமல் ஒரு டியூபை வெடித்துவிட்டு, இது அன்னைக்குத் துள்ளினதுக்கு என்பார். கோயில் கொட்டுக்காரர் வேலை இல்லாத செவ்வாய்க்கிழமை வந்து வாசலில் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். மாவு மில்லில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, அடுப்படியில் பித்தளைத் தவலையைக் கைதவறிப் போட்டுவிட்டு, மாமியார் திட்ட வாயெடுப்பதற்குள், பாப்பாவுக்குச் சேரவேண்டியதைச் சேர்த்துட்டேன் அத்தை என்றாளாம். எதற்கு எது என்று யாருக்குத் தெரியும், ஆனாலும் சத்தம் போட்டவர்களுக்கு நல்ல தூக்கம் வந்தது.

இப்படி ஊரே அவளுக்குச் சத்தம் கொண்டுவந்து கொட்டியபோதும் பலவேசத்திடமிருந்து ஒரு முனகல் கிடையாது. பாப்பாவும் அதற்குத் தகுந்தமாதிரி ஆகிவிட்டாள். கொட்டுக்காரரைக் கண்டால் தாவுவாள், சைக்கிள் கடைக்காரரைக் கண்டால் எச்சில் வடியச் சிரிப்பாள், பெற்ற அப்பனை மட்டும் கொட்டகைத் தூணைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். தூண் வேண்டும், தூண் இல்லாவிட்டால் கூரை நிற்காது, ஆனால் தூணைப் பார்த்து எந்தப் பிள்ளை சிரிக்கும். 

வேனல் உச்சத்தில் ஒருநாள், அளத்துக் கொட்டகையில் பெண்கள் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்த நேரம், பாப்பா தொட்டிலில் கிடந்தாள். பலவேசத்தின் அக்காள் பிரம்மசக்தி, அளத்திலேயே பெரிய வாய்க்காரி, கஞ்சிக் கையைத் துடைத்துவிட்டுப் பிள்ளை நெஞ்சில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். மற்றவர்களையும் கூப்பிட்டாள். ஒருத்தி கைக்குப் பக்கத்தில் ஒருத்தி கை என்று அந்தச் சின்ன நெஞ்சில் இடமே இல்லாமல் விரல்கள். நெஞ்சு தளர்ந்தது, அவ்வளவு தளர்ச்சியை அதுவரை யாரும் கண்டதில்லை, பிள்ளை உசிரையே காதுக்கு அனுப்பிவிட்டது போல. எழும்பியது. மறுபடி தளர்ந்தது, எழும்பியது. மறுபடி தளர்ந்தது, எழும்பியது. மூன்று தளர்ச்சியும் ஒரே அளவு, மூன்றுக்கும் நடுவில் ஒரே இடைவெளி.

யாரும் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அத்தனை தலைகளும் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பலவேசத்தின் பக்கம் திரும்பின. அவன் வாருபலகையைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர்ப் பானைக்கு நடந்தான். பிரம்மசக்தி விடவில்லை, பின்னாலேயே போனாள்.

“ஏலே, நீ சொல்லப்போற பேரை உன் மக கேட்டுட்டா. இனி நீ சொல்லித்தான் ஆகணும்.”

“நீயே சொல்லிரு அக்கா.”

“நான் சொன்னா அது நான் வச்ச பேரு. அவ கேட்டது நீ வச்ச பேருல்லா, மூதி.”

அன்றையில் இருந்து ஊருக்கு அது என்ன பேர் என்கிற ஆவல் தாங்கவில்லை. குலசாமி பேராகத்தான் இருக்கும் என்று ஒரு கட்சி, தளர்ச்சி அவ்வளவு நீளம் என்றால் நாலு எழுத்துக்குக் குறையாது என்று ஒரு கட்சி, பிள்ளைக்குத் தெரிந்தது பெற்றவனுக்குத் தெரியவில்லையே என்று ஒரு கட்சி. டீக்கடையில் பலவேசம் நுழைந்தால் பேச்சு நிற்கும், அவன் வாய் அசைந்தால் காதுகள் நீளும், அவன் டீ என்று மட்டும் சொல்லுவான். அளத்துக் கணக்குப்பிள்ளை நல்ல பேராக நாலு சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் அண்ணாச்சி என்று எழுந்து போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை டாக்டரம்மா பஸ்ஸுக்கு நிற்கும்போது பலவேசமே தேடிப் போனான். ஊர் சொல்லுகிறதெல்லாம் நிஜம் என்றே வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தான்.

“நான் அவ காதுல பேரைச் சொல்லும்போது, அவ நெஞ்சு அசையுமா?”

“அசையாது அண்ணாச்சி. அதை அவ கேட்டு முடிச்சாச்சு. நீங்க சொல்ற நேரத்துல அவ நெஞ்சு வேற எதையாவது கேட்டுக்கிட்டு இருக்கும்.”

“அப்ப அவளுக்குக் கேட்டுச்சுன்னு நான் எதை வச்சு நம்ப?”

டாக்டரம்மா தலையைச் சாய்த்தார். பஸ் வந்து நின்று, கண்டக்டர் விசில் கொடுத்து, பஸ் போய்விட்டது. 

“தெரியல அண்ணாச்சி” என்றார் கடைசியில். “அதுக்கு என்கிட்ட பெட்டி இல்ல.”

அந்தப் பதில் பலவேசத்துக்குப் பிடித்திருந்தது, அவரை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிற வரைக்கும் கூடவே நின்றான். ஆனால் அந்தப் பதிலே அவனை இன்னும் பயப்படுத்தியது. ஊரில் எல்லாரும் சத்தத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள், அவர்கள் பெற்றவர்கள் அல்ல. தான் போய்ச் சொல்லி, உள்ளங்கைக்குக் கீழே அந்த நெஞ்சு தன்பாட்டுக்கு நடந்தால், தொட்டிக்குப் பின்னால் அழுத அழுகையை முதலில் இருந்து அழவேண்டுமே என்று அவனுக்கு இருந்தது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, சந்தனமாரிக்குச் சொல்லாமலே தெரியும். மீன் அலசிக்கொண்டே அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“நான் விடிஞ்சதுல இருந்து அவகிட்ட பேசுதேன். என்னைக்காவது நான் பேசுத நேரத்துக்கு அவ நெஞ்சு அசைஞ்சிருக்கா? கிடையாது. ஆனா இன்னைக்கு நான் வாயை மூடிட்டேன்னா, போன மாசம் அவ எதைக் கேட்டிருப்பா? நீங்க அவளுக்குக் கேக்குதான்னு பார்த்துட்டுப் பேசலாம்னு இருக்கிய. நீங்க பேசினாத்தான் அவளுக்குக் கேட்டிருக்கும்.”

பலவேசம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனான். 

ஐப்பசி பிறந்து மழை இறங்கியது. பாத்திகள் குளமாயின, அளம் பூட்டியாயிற்று, உப்பு எல்லாம் கீற்றுக்குக் கீழே பத்திரமாகக் கிடந்தது. அந்த மழையில் சந்தனமாரிக்குக் காய்ச்சல் வந்து தொண்டை அடைத்துக்கொண்டது, மருந்து குடித்துவிட்டு உள்ளே பாயில் கம்பளியைப் போர்த்திக் கிடந்தாள், தண்ணீர் வேண்டும் என்றால்கூடக் கையைத்தான் காட்டினாள். அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று உண்டென்றால் அது அவளுடையதுதான், அது நின்றதும் கூரையில் மழை விழுகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பலவேசம் சுவரில் சாய்ந்து, பாப்பாவை மடியில் கிடத்தி, சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போது அவன் உள்ளங்கை அவள் நெஞ்சில் பட்டது. எண்ணெய் தேய்க்கும்போது ஓடிக் கடந்த கை, ஊரில் அத்தனை பேரும் வைத்துப் பார்த்த இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை.

நெஞ்சு தளர்ந்து கிடந்தது.

மழைக்காக இருக்கும் என்று நினைத்தான். மழையை அவள் என்றைக்கோ கேட்டு முடித்திருப்பாள் என்று பிறகு நினைத்தான். கையை எடுக்கவில்லை. தளர்ந்த நெஞ்சு தளர்ந்தபடியே நடந்தது, நடுவில் ஒரு துள்ளல் துள்ளியது, பயந்த துள்ளல் இல்லை, யாரோ பொய்க்கோபம் காட்டி விளையாட்டுக் காட்டினால் பிள்ளைகள் துள்ளுமே அந்தத் துள்ளல், மறுபடி தளர்ந்தது. மெல்லிய சத்தம்தான் இவ்வளவு தளர்த்தும், மெல்லிய சத்தம் வெகுதூரத்தில் இருந்து வருவது, ஆக யாரோ ஒருத்தன் இனி வரப்போகிற ஏதோ ஒரு நாளில் உட்கார்ந்துகொண்டு, இவளிடம் கதைகதையாகப் பேசிக்கொண்டிருக்கிறான், நடுநடுவே சிரிப்புக் காட்டுகிறான், மறுபடி பேசுகிறான், இவளும் சோறு தண்ணி மறந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். சந்தனமாரியின் பேச்சு பொரிகிற பேச்சு, அதற்கு இவள் நெஞ்சு இப்படி நடக்காது என்று ஊரே சொல்லி அவன் கேட்டிருக்கிறான். அப்படியானால் இது யார். பலவேசத்துக்கு முதலில் கொஞ்சம் பொறாமையாக இருந்தது, அப்புறம் தாங்கமுடியாத ஆவலாக இருந்தது. இத்தனை நாள் கட்டிவைத்திருந்த வாய், கட்டியது மறந்துபோய், தானாக அவிழ்ந்தது.

“யாருட்டி அது?” என்றான்.

கேட்ட பிறகுதான் கேட்டது தான் என்று அவனுக்கு உறைத்தது. பாப்பாவின் நெஞ்சு அவனைச் சட்டை செய்யவில்லை, தான் கேட்டுக்கொண்டிருந்ததிலேயே கிடந்தது. அவனுக்கு அழுகை வரும் என்று பயந்து காத்திருந்தான். வரவில்லை. முன் பந்தியில் வயிறார உண்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டதுபோல ஒரு வெட்கம்தான் வந்தது.

“அப்படி என்னதான் சொல்லுதான் அவன்?” என்று இரண்டாவதும் கேட்டான்.

அதற்கும் நெஞ்சு அசையவில்லை. பலவேசம் குனிந்து, பிள்ளையின் காதில் உதட்டை வைத்து, மழைக்குக் கேட்காமல், கூரைக்குக் கேட்காமல், மூன்று தடவை சொன்னான். எந்தப் பேர் என்று அவன் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை, குனியும்போது வந்தது, சொன்னான். சொல்லி முடித்த பிறகு, இதுதான் அவள் கேட்ட பேரா, தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று ஒரு கணம் திகைத்தான், அப்புறம், வேறெதைச் சொல்லியிருந்தாலும் அதைத்தானே இவள் கேட்டிருப்பாள் என்று தோன்றியதும், தப்பே செய்யமுடியாத ஒரு காரியத்தைப் போய் இத்தனை மாசம் பயந்தோமே என்று தனக்குள்ளே சிரித்துக்கொண்டான்.

அதற்கப்புறம் அவன் நிறுத்தவில்லை. மழை ஏன் உப்புக்கு ஆகாது என்று சொன்னான். வாடைக் காற்றில் உப்பு பொடியாக விளையும், மேல்காற்றில் கல்லாக விளையும் என்று சொன்னான். பாத்தி வரப்பில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு எப்படி மீனுக்குத் தெரியாமல் கழுத்தை நீட்டும் என்று கழுத்தை நீட்டிக் காட்டினான். உன் அத்தைக்காரி கோபம் வந்தால் மூக்கு எப்படி விடைக்கும் என்று விடைத்துக் காட்டினான். பாப்பா அவன் முகத்தைப் பார்த்தாள், தூணைப் பார்க்கிற பார்வைதான், ஆனால் தூணின் மூக்கு விடைத்ததும் வாயைத் திறந்து, முளைத்த பல் தெரிய, ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

உள்ளே பாயில் கண்ணை மூடிக் கிடந்த சந்தனமாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். அடைத்த தொண்டையை எப்படியோ திறந்து, சுவர் வழியாக, என்ன பேர் வைத்தீர்கள் என்று காற்றாகக் கேட்டாள்.

பலவேசத்தின் உள்ளங்கைக்குக் கீழே நெஞ்சு இன்னும் தளர்ந்தே நடந்துகொண்டிருந்தது.

“அவளுக்குத் தெரியும், பொறவு கேட்டுக்க” என்றான். “இப்ப பேசாம கெட. நான் பேசவேண்டியது இன்னும் நிறைய இருக்கு போலுக்கு.”